தலைக்கயிறு விற்பதில்லை

அத்யாவின் ஜீப்புக்கு ஏறக்குறைய முப்பது வயது. ரஷ்யாவில் பிறந்து, மங்கோலியப் பட்டாளத்தில் கொஞ்ச காலம் ஓடி, கூட்டுப்பண்ணைக்கு வந்து, பண்ணை கலைந்த வருஷம் ஆடுகளோடு ஆடாக அவர் பங்குக்கு வந்து சேர்ந்தது. அதில் பேட்டரி என்று ஒன்று இருந்தது. அதன் வேலை ராத்திரியில் கூடாரத்துக்குள் விளக்கெரிப்பது. வண்டியைக் கிளப்புவதற்கு ஹேண்டில்தான். முன்பக்க ஓட்டையில் இரும்பை நுழைத்து, மூச்சைப் பிடித்து ஒரு சுற்று, திட்டிக்கொண்டே ஒரு சுற்று. ஹேண்டில் நுனியின் பற்கள் தேய்ந்துபோனபோது அத்யாவே அரத்தால் அராவி, அந்த ஒரு இஞ்சினின் வாய்க்கு மட்டும் பொருந்துகிற மாதிரி ஆக்கி வைத்திருந்தார். குளிர்காலத்தில் அதைக் கூடாரத்துக்குள் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துக்கொள்வார்.

"கட்டில்ல இந்தப் பக்கம் நானு, அந்தப் பக்கம் அந்த இரும்பு. ரெண்டு பேர்ல யாரு மேல கை போடுறாருன்னு கேக்காதீங்க" என்று அவர் மனைவி நொர்ஜ்மா வருகிறவர்களிடம் சொல்வாள்.

அந்த இலையுதிர்காலத்தில் ஜீப் தமிர் ஆற்றின் நடுவில் நின்றது. அப்புறம் கம்பளி வாங்க வந்தவர்களின் கண்ணெதிரில் நின்றது. கடைசியில் கூடார வாசலில், யாரும் எதுவும் செய்யாமலே, கிழட்டு மாடு மாதிரி ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. மூன்று நாள் கழற்றி மாட்டி அதற்கு உயிர் வந்தது. மலைமுகட்டில் ஏற்கெனவே வெள்ளை விழுந்திருந்தது. கணவாய் மூடுவதற்குள் கூடாரம், அடுப்பு, பெட்டிகள், இளங்கன்றுகள் எல்லாவற்றையும் பனிக்கால முகாமுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இந்த வண்டியை நம்பி நடக்காது.

நொர்ஜ்மா அடுப்பில் சாணி வறட்டியைப் போட்டபடி முடிவைச் சொன்னாள். வசந்தத்தில் வெள்ளாட்டு ரோமம் சீவி விற்ற பணமும், ஆட்டுக்கடாக்கள் விற்ற பணமும் சேர்த்து இரண்டு கோடியே இருபது லட்சம் துக்ரிக் இருந்தது. பழைய வண்டியை மாற்றுக்குக் கொடுத்தால் பத்து லட்சத்துக்கு எடுப்பதாக நகரத்து வண்டி வியாபாரி ஒச்சிர் போனில் சொல்லியிருந்தான். ஆக மொத்தம் இரண்டு கோடியே முப்பது.

"அதுக்கு மேல போச்சுன்னா பேங்குல போய் நிக்க மாட்டேன். எங்க அண்ணன் நின்னான், இப்ப அவன் ஆடெல்லாம் பேங்குக்காரன் பேருல மேயுது. மேல போச்சுன்னா செவலைய வித்துரலாம்."

அத்யாவின் கையிலிருந்த தேநீர்க் கிண்ணம் அந்தரத்தில் நின்றது.

செவலை ஓட்டக்குதிரை அல்ல, நடைக்குதிரை. ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டையும் சேர்த்து எடுத்துவைத்து ஓடும். மேலே உட்கார்ந்தவர் கையில் நிறைந்த கிண்ணம் இருந்தாலும் சிந்தாது. அப்படி ஒரு குதிரை அந்தப் பள்ளத்தாக்கில் வேறு யாரிடமும் இல்லை. கோடைத் திருவிழாவில் அதைப் பார்த்துவிட்டு ஒச்சிர் மூன்று முறை விலை கேட்டான். இருபது லட்சம் வரை போனான். அத்யா அவனுக்கு மூக்குப்பொடிக் குப்பியை நீட்டி, தலையை மட்டும் ஆட்டினார்.

"மேல எப்படிப் போகும்? பேசுறது யாரு?" என்றார் இப்போது.

"அதான் பயமா இருக்கு."

அவருக்குக் கோபம் வந்தது. சுற்றுவட்டாரத்தில் சந்தைக்குப் போகிறவர்கள் பேரம் என்றாலே அத்யாவைத்தான் கூட்டிப் போவார்கள். அவர் பேசுவது வாயால் அல்ல. எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம் அது: விற்பவனும் வாங்குபவனும் ஒருவர் அங்கிக் கைக்குள் மற்றவர் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை சொல்வது. பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. விலைபோகிற மிருகத்தின் காதிலும் விழாது. வாயால் நூறு பொய் சொல்கிறவனுக்கும் விரல் நடுங்கும் என்பது அத்யாவின் கட்சி. அந்த இருட்டுக்குள் அவர் இதுவரை தோற்றதில்லை.

விடிகாலையில் கிளம்பினார்கள். அவர் ஹேண்டிலைச் சுற்றிக்கொண்டிருந்தபோது நொர்ஜ்மா பால் வாளியோடு வந்தவள், "குதிரைக் கயிறு தளர்ந்திருக்கான்னு பாத்துட்டு வந்துர்றேன்" என்று கட்டுத்தறிப் பக்கம் போனாள். திரும்பி வர நேரமாயிற்று. கண் சிவந்திருந்தது.

"என்ன?"

"காத்து. நீ வண்டியப் பாரு."

காற்றே இல்லாத காலை அது.

அந்தக் கணவாயைத் தாண்டி நகரத்துக்கு நான்கு மணி நேரம். ஜீப்பின் கதவு ஒட்டக ரோமக் கயிற்றால் கட்டியிருந்தது. கியர் கம்பியின் தலையில் கண்ணாடி மாதிரி ஓர் உருண்டை, அதற்குள் ஒரு சிவப்பு ரோஜா. வண்டி வந்த புதிதில் ஒரு ரஷ்ய லாரிக்காரனிடம் ஓர் ஆட்டுத்தோல் கொடுத்து நொர்ஜ்மாவே வாங்கியது. பள்ளத்தில் விழும்போதெல்லாம் ரோஜா குலுங்கியது.

"அங்க போனதும் வண்டி நல்லாருக்குன்னு வாயத் திறக்காத" என்றார் அத்யா. "ஆசைய முகத்துல காட்டாத. நமக்குப் பல்வலின்னு நெனச்சுக்க."

"உன்கூட முப்பது வருசம் இருந்திருக்கேன். அந்த முகம் தானா வரும்."

ஒச்சிரின் கடை தகர வேலிக்குள் ஒரு முற்றம். உள்ளே இருக்கையில் பிளாஸ்டிக் உறை கூடக் கிழிக்காத ஜீப்புகள் வரிசையாக நின்றன. வாசலில் மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்க ஒரு சின்ன மேடு. அந்த மேட்டில் முன்சக்கரம் ஏறியதும் அத்யாவின் ஜீப் இருமியது, இன்னொரு முறை இருமியது, அப்படியே நின்றுவிட்டது. மூக்கு உள்ளே, வால் தெருவில்.

"விடுங்கண்ணே, அங்கயே கெடக்கட்டும். இனிமே அது என் மாடுதானே" என்று சிரித்துக்கொண்டே வந்தான் ஒச்சிர். நாற்பது வயது. உடம்போடு ஒட்டிய தோல் சட்டை. அடுத்த பள்ளத்தாக்கில் குதிரை வளர்த்தவரின் மகன். நகரத்துக்கு வந்து பத்து வருஷம் ஆகியும் நடையில் அகட்டல் போகவில்லை.

அத்யா இறங்கி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஆடுமாடு கொழுத்திருக்கா அண்ணே?"

"கொழுத்திருக்கு தம்பி. யாவாரம் கொழுத்திருக்கா?"

"எலும்பும் தோலுமா இருக்கு அண்ணே."

குப்பிகளை மாற்றிக்கொண்டார்கள், பொடி முகர்ந்தார்கள், மழை பற்றியும் புல் பற்றியும் யாருடைய ஒட்டகம் யாருடைய கிணற்றில் விழுந்தது என்பது பற்றியும் பேசினார்கள். அறைக்குள் உப்புப் பால்தேநீரும் ஆவி பறக்கிற கறிக் கொழுக்கட்டையும் வந்தன. நொர்ஜ்மா கொழுக்கட்டையைக் கடித்து உள்ளிருந்த சாறை உறிஞ்சிக்கொண்டே ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தாள். நாலாவது கொழுக்கட்டை முடிந்த பிறகுதான் வெளியே வந்தார்கள்.

பச்சை நிற ஜீப். அத்யா சுற்றி வந்தார். குதிரைக்குப் பல் பார்ப்பது போலக் குனிந்து கீழே பார்த்தார். டயரை உதைத்தார். முகத்தில் எதுவும் இல்லை.

"எந்தக் காட்டுலயும் மேட்டுலயும் போகும் அண்ணே. ரோடே தேவையில்ல."

"எங்க பக்கம் ரோடு எங்க இருக்கு தம்பி? எங்க ஆட்டுக்குட்டியும் ரோடு இல்லாமத்தான் போகுது. அதுக்கு நாங்க தனியா விலை கேக்குறதில்ல."

கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளை நொர்ஜ்மா எழுத்துக்கூட்டிப் படித்தாள். இரண்டு கோடியே நாற்பது லட்சம். அதற்குக் கீழே பொடி எழுத்தில், எல்லையிலிருந்து கொண்டுவந்த செலவு பத்து லட்சம்.

அத்யாவுக்கு நெஞ்சுக்குள் கணக்கு ஓடியது. வித்தியாசம் சரியாக ஒரு செவலை.

அவர் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "இது புது வண்டிதானே?"

"நேத்துப் பொறந்த குட்டி அண்ணே."

"அப்ப மீட்டர்ல தொள்ளாயிரம் கிலோமீட்டர் நிக்குது?"

"எல்லையில இருந்து ஓட்டிட்டு வந்தோம்ல. ஷக்தர்தான் ஓட்டிட்டு வந்தான்."

மெக்கானிக் ஷக்தர் ஒரு ஓரத்தில் கையைத் துடைத்தபடி தலையாட்டினான்.

"ஷக்தரு, நீ வண்டியச் சுமந்துட்டு வந்தியா, வண்டி உன்னைச் சுமந்துட்டு வந்துச்சா?"

"வண்டிதான் அண்ணே."

"அப்ப சுமைகூலி யாருக்குச் சேரணும்? வண்டிக்கு. வண்டி யாருக்கு வருது? எனக்கு. தம்பி, நீதான் எனக்குப் பத்து லட்சம் தரணும்."

நொர்ஜ்மா சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒச்சிர் தலையைச் சொறிந்தான்.

"பெட்ரோல் போட்டிருக்கோம் அண்ணே. சாப்பாடு, டோல்..."

"குதிரை மேய்ச்சலுக்குப் போறப்ப தின்ன புல்லுக்கு வாங்குறவன்கிட்டக் காசு கேப்பாங்களா உங்கப்பா? நல்ல மனுசன் அவரு." அத்யா பெருமூச்சு விட்டார். "சரி. இப்படி வெயில்ல நின்னு கத்திக்கிட்டிருந்தா வண்டி காதுல விழும். கையக் கொடு."

ஒச்சிர் தன் தோல் சட்டையின் முன்கையைப் பார்த்தான். பித்தான் போட்ட இறுக்கமான கை. ஒரு விரல்கூட உள்ளே போகாது.

"என் கை போதும், உள்ள வா" என்றார் அத்யா. நீளங்கியின் கையைத் தொங்கவிட்டார். ஒச்சிரின் கை மணிக்கட்டுவரை அதற்குள் மறைந்தது.

அதன் பிறகு பேச்சில்லை. இரண்டு பேரும் எதிரெதிரே, ஒரே அங்கிக் கைக்குள் இரண்டு கையோடு, எங்கோ மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். துணி மட்டும் உள்ளே எலி ஓடுவது போல அசைந்தது. ஒச்சிரின் புருவம் ஏறியது. அத்யாவின் கன்னத்தில் ஒரு நரம்பு துடித்தது. ஒச்சிர் கையை உருவப் பார்த்தான், அத்யா விடவில்லை. நொர்ஜ்மா அங்கியின் மார்புமடிப்பில் கையை வைத்து எதையோ அழுத்திக்கொண்டாள்.

ஒச்சிரின் விரல்கள் ஈரமாக இருந்தன. அத்யாவுக்கு அது போதும். அந்த விரல்கள் எங்கே இறுகின, எங்கே தளர்ந்தன என்பதை அவர் பல்லிடுக்குக் கறி மாதிரித் தேடிக் கண்டுபிடித்தார். இரண்டு முறை விட்டார். மூன்றாம் முறை நடுவிரலைப் பிடித்து நின்றுகொண்டார், அசையவே இல்லை.

கைகள் வெளியே வந்தன. ஒச்சிர் விரலை உதறினான்.

"எடுத்துக்கங்க அண்ணே. ரெண்டு கோடியே முப்பது. உங்க கிழட்டு வண்டியும் சேத்து."

கை வெளியே வந்த பிறகு விலை மாறாது, அதுதான் வழக்கம். அத்யா நொர்ஜ்மாவைப் பார்த்தார். அவர் முகத்தில் பல்வலி போய் முப்பது வயது குறைந்திருந்தது. செவலையின் நடை அவர் தொடைக்குக் கீழே நிஜமாகவே அசைந்தது.

"பேசுறது யாரு?" என்றார் மெதுவாக.

"பரவால்லய்யா" என்றாள் நொர்ஜ்மா. முப்பது வருஷத்தில் இரண்டாவது முறை.

பணத்தை எண்ணிக் கொடுத்தார்கள். ஒச்சிர் காகிதத்தில் முத்திரை குத்தினான். பிறகு வெளியே வந்து, மிகச் சாதாரணமாக, "ஷக்தரு, தலைக்கயிற அவுத்துரு" என்றான்.

ஷக்தர் ஸ்பானரோடு போய் ஜீப்பின் முதுகிலிருந்த ஸ்டெப்னியைக் கழற்றினான். இருக்கைக்கு அடியிலிருந்து ஜாக்கியையும் கருவிப் பையையும் எடுத்தான். பனியில் வழுக்காமல் டயரில் சுற்றுகிற சங்கிலியை எடுத்தான். ஹீட்டரைக் கழற்ற உள்ளே தலையை விட்டான்.

"என்ன தம்பி பண்றான் இவன்?"

"அண்ணே, உங்களுக்கு நான் சொல்லணுமா?" ஒச்சிரின் குரலில் அத்தனை மரியாதை. "குதிரைய வித்தாலும் தலைக்கயிற விக்கக் கூடாது. கயிறோட போச்சுன்னா வீட்டு அதிர்ஷ்டமும் கூடவே போயிரும். எங்கப்பா சாகிறவரைக்கும் ஒரு கயிறு வெளிய விட்டதில்ல. நான் மட்டும் விடலாமா?"

"குதிரைக்குக் கயிறு சரி. வண்டிக்கு?"

"வண்டியும் நாலு காலுதானே அண்ணே."

வழக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பேரம் பேசியவர் அத்யாதான். கையை உள்ளே விடு என்றதும் அவன் விட்டான். இப்போது அதே வழக்கத்தை அவன் காட்டும்போது என்ன சொல்வது? ஸ்டெப்னியும் ஹீட்டரும் இல்லாமல் பனிக்காலத்தில் கணவாய் ஏறுவது தற்கொலை.

"தனியா வாங்கணும்னா என்ன ஆகும்?" என்று கேட்டது நொர்ஜ்மா.

"எல்லாம் சேத்தா இருபது லட்சம் ஆகும் அக்கா. ஆனா உங்ககிட்டப் பணம் கேக்க மாட்டேன்." ஒச்சிர் கண்ணைத் தாழ்த்தினான். "செவலைய அனுப்பி வச்சிருங்க."

ஷக்தர் ஹீட்டரை விட்டுவிட்டுத் தலையை வெளியே எடுத்தான்.

"ஆக, கைக்குள்ள ஜெயிச்சத கயித்துல விட்டுட்ட" என்றாள் நொர்ஜ்மா புருஷனிடம். ஆனால் குரலில் குத்தல் இல்லை. அது அவரை இன்னும் வதைத்தது.

அத்யா ஒச்சிரிடம் திரும்பினார். "நாளான்னிக்கு ஆளை அனுப்பு. அது பழக்கமில்லாத ஆளைக் கடிக்கும். இடது பக்கமா ஏறச் சொல்லு. தண்ணி காட்டுறப்ப அவசரப்படுத்த வேணாம்."

ஒச்சிருக்கே முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் வியாபாரி. "நான் பெத்த பிள்ளையாப் பாத்துக்குவேன் அண்ணே."

அத்யா விடைபெறப் பழைய ஜீப்பிடம் போனார். மூக்கை மேட்டில் தூக்கிக்கொண்டு அது கிடந்தது. இஞ்சின் மூடியைத் தட்டிக்கொடுத்தார். குனிந்து, இருக்கைக்கடியிலிருந்து ஹேண்டிலை எடுத்தார், அங்கிக் கையால் துடைத்தார், இடுப்புக்கச்சையில் செருகிக்கொண்டார். ஒரு திட்டமும் இல்லை. எத்தனையோ குதிரைகளை விற்றவரின் கை, விற்ற மிருகத்திடமிருந்து கயிற்றை எடுக்காமல் திரும்பாது. அவ்வளவுதான். நொர்ஜ்மாவும் தன் பையை எடுக்க ஒரு நிமிஷம் உள்ளே ஏறி இறங்கினாள்.

அப்போதுதான் தெருவில் நிலக்கரி லாரி வந்து ஹாரன் அடித்தது.

ஒச்சிரின் பனிக்கால நிலக்கரி. லாரிக்காரர் தலையை வெளியே நீட்டினார். "எடுப்பா அந்தச் சவத்த! இன்னும் நாலு வீட்டுக்குப் போகணும்!"

"ஷக்தரு, உள்ள எடுத்து நிறுத்து" என்றான் ஒச்சிர்.

ஷக்தர் ஏறிச் சாவியைத் திருப்பினான். ஒன்றுமில்லை. இன்னொரு முறை. பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஜோடி கையுறையும் காய்ந்த தயிர்க்கட்டி மூட்டையும் இருந்தன. அன்று பேட்டரி விளக்கெரிக்க வீட்டிலேயே தங்கிவிட்டது.

"தள்ளு."

இரண்டு பேர் தள்ளினார்கள். லாரிக்காரரும் திட்டியபடி இறங்கி வந்து தள்ளினார். ஜீப் மேட்டில் அரைச்சாண் ஏறி, யோசித்து, பழையபடி கல்லில் வந்து உட்கார்ந்தது.

"பின்னால இழுங்க" என்றான் ஒச்சிர். லாரியிலிருந்து கயிற்றைக் கொண்டுவந்து பின்பக்கத் தடுப்புக் கம்பியில் கட்டினார்கள். லாரி நகர்ந்தது. தடுப்பும் கூடவே நகர்ந்தது, கடகடவென்று தெருவில் உருண்டது. ஜீப் இருந்த இடத்திலேயே இருந்தது.

"அதுவும் உன்னுதுதான் தம்பி, எடுத்து வச்சுக்க" என்றார் அத்யா. மனசு கனமாக இருந்தாலும் உதவிதான் செய்தார்.

ஷக்தர் ஓடிப்போய்ப் பக்கத்துப் பட்டறையில் ஒரு ஹேண்டில் வாங்கிவந்தான். ஓட்டையில் விட்டுச் சுற்றினான். அது உள்ளே வழுக்கிக்கொண்டு வெறுமனே சுழன்றது, வெண்ணெய் கடைவது மாதிரி. முழங்கை போய் விளக்கில் இடித்தது.

"அண்ணே" என்றான் ஒச்சிர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "உங்க ஹேண்டிலக் கொஞ்சம் கொடுங்க."

அத்யா கையை இடுப்புக்குக் கொண்டுபோனார். இரும்பைத் தொட்டார். அங்கே கை நின்றது. அவர் முகத்தில் மெதுவாக, மலைக்குப் பின்னாலிருந்து வெயில் ஏறுவது போல, ஏதோ ஏறியது.

"எது தம்பி?"

"அந்த ஹேண்டில்."

"இதுவா? இது தலைக்கயிறுல்ல?"

நொர்ஜ்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஷக்தருக்கு இருமல் வந்துவிட்டது, தகர வேலியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"அண்ணே, விளையாடாதீங்க."

"விளையாட்டா? உங்கப்பா சாகிறவரைக்கும் விட்டதில்லைன்னு இப்பத்தான் நீ சொன்ன. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. நான் மட்டும் விடலாமா?"

"யோவ்!" என்று லாரிக்காரர் கத்தினார். "கயிறோ கருமாதியோ, பேசி முடிங்கய்யா! இல்லாட்டி நிலக்கரியத் தெருவுலயே கொட்டிட்டுப் போறேன். அப்புறம் தெருவே வந்து அள்ளிட்டுப் போகும்!"

ஒச்சிர் தெருவைப் பார்த்தான். எதிர்வீட்டில் ஒரு கிழவர் ஏற்கெனவே சாக்கோடு வாசலில் வந்து நின்றிருந்தார்.

"சரி அண்ணே, கைய நீட்டுங்க. பேசிக்கலாம்."

"இதுக்குக் கை எதுக்கு? தலைக்கயிற விக்கிறதில்ல." அத்யா ஹேண்டிலை உருவி, மீண்டும் ஒருமுறை துடைத்தார். "விக்கிறதுதான் இல்ல. மாத்திக்கலாமான்னு பெரியவங்க யாரும் எதுவும் சொன்னதா எனக்கு ஞாபகமில்ல."

"கயிறுக்குக் கயிறா?"

"கயிறுக்குக் கயிறு."

"அண்ணே, இது துருப்பிடிச்ச ஒரு கம்பி. அங்க ஸ்டெப்னி, ஜாக்கி, சங்கிலி, ஹீட்டரு..."

"துருப்பிடிச்ச கம்பிதான். இது இல்லாம அந்த வண்டி நிக்குற இடம் உன் வாசல்."

லாரியின் பின்பக்கம் மெல்ல உயரத் தொடங்கியது. இரண்டு மூன்று கரிக்கட்டிகள் உருண்டு தெருவில் விழுந்தன. சாக்குக் கிழவர் ஓரடி முன்னால் வைத்தார்.

"எடுத்துக்கங்க!" என்று கத்தினான் ஒச்சிர். "எல்லாத்தையும் எடுத்துக்கங்க! ஷக்தரு, திரும்ப மாட்டு! யோவ் லாரி, நிறுத்துய்யா!"

"பெட்ரோலும்" என்றாள் நொர்ஜ்மா.

"என்ன அக்கா?"

"டாங்கு காலியா இருக்கு, பாத்தேன். வித்த குதிரையப் பட்டினியா அனுப்பலாமா? உங்கப்பா அப்படிச் செஞ்சிருப்பாரா?"

ஒச்சிர் அவளைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், வாசலில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அந்தக் கிழட்டு ஜீப்பைப் பார்த்தான். பிறகு இடுப்பில் கையை வைத்து, குதிரைக்காரன் மகன் சிரிக்கிற மாதிரி, வானத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"எங்கப்பா செத்ததே நல்லதாப் போச்சு. இருந்திருந்தா இன்னிக்கு உங்க பக்கம் நின்னிருப்பாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஒரே ஒரு தடவை அண்ணே. அடுத்த கோடையில ஒரே ஒரு தடவை செவலை மேல ஏறிப் பாக்க விடணும்."

"கிண்ணத்தை நீயே கொண்டு வா" என்றார் அத்யா. "சிந்தினா தேநீர்க் காசும் நீதான் தரணும்."

மடித்துவிட்டிருந்த அங்கிக் கையை மரியாதைக்கு இறக்கிவிட்டு, ஹேண்டிலை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். ஷக்தர் நுழைத்தான். ஒரு சுற்று. அத்யா பழக்கத்தில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். இரண்டாவது சுற்றில் ஜீப் உயிர்பெற்று, கரும்புகையைக் கக்கி, மேட்டைத் தாண்டி முற்றத்துக்குள் போயிற்று. அதன் இருமல் சத்தம் அடங்கும்வரை அவர் திரும்பிப் பார்க்காமல் நின்றார்.

புது வண்டி சத்தமே போடவில்லை. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. நகரம் பின்னால் போய், புல் வந்து, புல் மஞ்சளாகி, மேட்டு நிலம் வந்தது. நொர்ஜ்மா ஹீட்டரின் முன்னால் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் இருமுறை "வழக்கம்னா வழக்கம்தான்" என்று சொல்லிப் பார்த்தார். அவள் மறுக்கவில்லை.

கணவாய்க்குக் கொஞ்சம் கீழே அவள் போன் அடித்தது. ஒச்சிர். ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, ஒரு சந்தேகம். கியர்ல தலையக் காணோம். வெறும் கம்பி நிக்குது. பிடிச்சா கை உறையுது. நீங்க ஏதாவது..."

"அது பிடரிமயிர் தம்பி. விக்கிறவங்க ஒரு கொத்து எடுத்துக்கலாம்ல?"

"அக்கா, அது..." அந்த இடத்தில் வண்டி வளைவு திரும்பியது. எங்கள் பக்கத்து மலைக்குப் பின்னால் எந்தப் போனும் பேசாது.

முகட்டில், வழிப்போக்கர்கள் கும்பிட்டுக் கல் போடுகிற கல்மேட்டின் அருகே அத்யா வண்டியை நிறுத்தினார். இறங்கி, மூன்று சுற்று சுற்றி, கல் போட்டு, நொர்ஜ்மா கொண்டுவந்திருந்த பாலைச் சக்கரங்களுக்குத் தெளித்தார்கள். குளிர் காதைக் கடித்தது. கீழே தூரத்தில் அவர்கள் கூடாரம் ஒரு வெள்ளைப் பித்தான், அதன் பக்கத்தில் கட்டுத்தறி, அங்கே ஒரு செம்புள்ளி.

உள்ளே ஏறியதும் நொர்ஜ்மா பையிலிருந்து ரோஜா உருண்டையை எடுத்தாள். புது வண்டியின் கியர் குமிழைத் திருகிக் கழற்றி, இதை வைத்துப் பார்த்தாள். புதுக் கம்பி மெல்லிசு. உருண்டை லொடலொடவென்று ஆடியது.

"சேராது, விடு" என்றார் அத்யா.

அவள் அங்கியின் மார்புமடிப்புக்குள் கையை விட்டாள். சிவந்த மயிர்க்கொத்து ஒன்று வெளியே வந்தது. நீளமான, முரட்டு மயிர். அதைக் கம்பியின் மரையைச் சுற்றி இறுக்கமாகச் சுற்றினாள், பல்லால் நுனியைக் கடித்தாள், அதன் மேல் உருண்டையைத் திருகினாள். கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது.

அத்யா அந்த மயிரை விரலால் தொட்டார். இருட்டில் தொட்டாலும் அவருக்கு யாருடையது என்று தெரியும்.

"இதை எப்ப எடுத்த?"

"காலையில. கயிறு பாக்கப் போனேன்ல."

குதிரையை விற்கப் போகிறவர்கள்தான் பிடரியில் ஒரு கொத்து எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

"அப்ப நான் தோத்துட்டுத்தான் வருவேன்னு முடிவே பண்ணிட்ட."

நொர்ஜ்மா கண்ணாடிக்கு வெளியே, அந்தச் செம்புள்ளியைப் பார்த்தபடி இருந்தாள். காற்றே இல்லாத வண்டிக்குள் அவள் கண் மறுபடி சிவந்திருந்தது.

"இறக்கம்யா" என்றாள். "கியரப் போடு."